மாமனார் கேட்ட வாக்கு

அன்பு மகன் டேனியலுக்கு,

நீயும் கவிதாவும் குடிபோயிருக்கிற அந்தப் புது வீட்டில் ஆண்டவரின் சமாதானம் என்றும் உட்கார்ந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா எழுதுகிறேன்.

சனிக்கிழமை உங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு லோரி கவிதாவின் ஊரான கெர்லிங்குக்குப் புறப்பட்டதிலிருந்து நம் வீடு அடங்கிப்போய்க் கிடக்கிறது. உன் அம்மா உன் அறையைக் கூட்டிக்கொண்டே இருக்கிறாள். கூட்ட அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால் என்னைத்தான் முறைக்கிறாள். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் "சரிப்பா, ஓகேப்பா" என்று நீ முடித்துவிடுவாய். தப்பில்லை, உனக்கு வேலை இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

ஐஸ்பெட்டியை லோரியில் தூக்கி வைக்கும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "ப்பா, அங்க மாமா வீட்டுக்கு அடுத்த வீடு. அவங்க வீட்டுல பூஜை, விரதம், கோயில் எல்லாம் இருக்கும். நம்ம ஜெபம், ஞாயித்துக்கிழமை இதெல்லாம் அங்க எப்படி வச்சிக்கிறது?" என்றாய். லோரிக்காரர் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்பெட்டியின் ஒரு முனை என் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது. "பாத்துக்கலாம்லா" என்று சொல்லிவிட்டேன். அது ஒரு பதிலா? நீ போன பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்வது போல இதில் பல இடங்கள் இருக்கும். பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாததும் இரண்டொன்று இருக்கிறது.

நம் வீட்டில் ஜெபம் விடியற்காலையில்தான் என்பது நான் பக்தியோடு தேர்ந்தெடுத்த நேரமென்று நீ நினைத்திருக்கலாம். அப்படியில்லை. தோட்டத்தை முதலாளி விற்றுவிட, ஆளுக்கொரு பக்கமாக நாங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு கோல சிலாங்கூருக்கு வந்த புதிதில், நான் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்தேன். சுங்கை புரோங் பக்கம் வயல் ஓரத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வர வேண்டும். இருட்டிலேயே கிளம்பினால்தான் முடியும். உன் அம்மாவுக்கு மத்தியான ஷிப்டு. நான் திரும்பும்போது அவள் போயிருப்பாள், அவள் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். நாங்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே முழித்துக்கொண்டிருக்கும் நேரமென்று ஒன்று இருந்தால் அது அந்த விடியற்காலைதான். "அந்த நேரத்த ஆண்டவருக்கு குடுத்துடுவோம், மிச்சத்த அவரு பாத்துக்குவாரு" என்று உன் அம்மாதான் சொன்னாள்.

அப்போது எனக்கு ஜெபமென்றால் நீளமாக இருக்க வேண்டும். தோட்டத்துச் சபையில் பெரியவர்கள் ஜெபிப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். உலகத் தலைவர்களில் ஆரம்பித்து, மழை, வெயில், எங்கள் தெரு, உன் கணக்குப் பாடம் வரைக்கும் வந்து சேர்வேன். நீ முழங்காலில் நின்றபடியே நாற்காலியில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிடுவாய். ஒரு மழை நாளில் நான் இப்படிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது உன் அம்மா எழுந்து என் தோளைத் தட்டினாள். "என்னங்க, ஆண்டவருக்கு எல்லாம் கேட்டுடுச்சி. அங்க புள்ளைங்க மழையில நிக்குது. கெளம்புங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கிளம்பினேன். போய்ப் பார்த்தால், தொப்பலாக நனைந்த ஒரு பையன் புத்தகப் பையைத் தன் தங்கையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம், நான் வீட்டில் விட்டுவிட்டு வந்த ஜெபத்தின் மிச்சத்தை வண்டியில் முடித்தேன். அதற்குப் பிறகு வீட்டு ஜெபம் சின்னதாகிவிட்டது. நீ தூங்குவதும் நின்றது.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். நானும் உன் அம்மாவும் முதல் நாள் எதற்கோ சண்டை போட்டிருந்தோம். மறுநாள் காலை ஜெபத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில் முன்கோபம் உள்ளவர்களை மாற்றும்" என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன். ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன். என்கிட்ட சொல்ல வேண்டியத என்கிட்டயே சொல்லுங்க. அவர நடுவுல இழுக்காதீங்க" என்றாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். கவிதாவோடு உனக்கு மனத்தாங்கல் வரும் நாட்களில் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அவளிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஜெபியுங்கள்.

இனி கவிதாவின் அப்பாவுக்கு வருகிறேன். நான் எழுத வந்ததே அதைத்தான்.

கவிதா உன்னைப் பார்ப்பதற்கு முன்பே, கல்லூரி விடுதியில் ஒரு தோழியோடு ஆராதனைக்குப் போய், தானாக யோசித்து, தானாக ஞானஸ்நானம் எடுத்தவள். உனக்காக மாறியவளில்லை. ஆனால் ஊரில் யார் அதைக் கேட்டார்கள்? கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் மாரியம்மன் கோயில் கமிட்டியில் முன்னால் நிற்கிற மாரிமுத்துவின் ஒரே மகள் சர்ச்சுக்குப் போகிறாள் என்பதே அங்கே பேச்சாக இருந்தது. பெண் கேட்க நாங்கள் போன அன்று சம்பந்தி எங்களை மரியாதையாக உட்கார வைத்தார், டீ கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "என் புள்ளைய குடுக்கறேன் சம்பந்தி. என் சாமிய குடுக்கல. அதையும் கேட்டுடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். திரும்பி வரும்போது உன் அம்மா, "நல்ல மனுஷன். மறைக்காம பேசறாரு" என்றாள். எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. கல்யாணத்தன்று அவர் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் பாடும்போது எல்லாரும் எழுந்தால் அவரும் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு தீபாவளிக்கு நாம் போவோம், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வருவார்கள், சாப்பிடுவோம், பேசுவோம். எல்லாம் அளவோடு இருந்தது. கொதிக்கிற சட்டியைத் துணி வைத்துப் பிடிப்பது போல நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அடைப்பு அதிகம், பைபாஸ் செய்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆபரேஷன் என்ற நிலையில் முதல் நாள் சாயங்காலம் நாம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ எங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டாய். நாங்கள் உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் சம்பந்தி தன் மனைவியிடம், "சூடா மைலோ வாங்கியா, கவிதாவையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கிட்டு போ" என்றார். அவர்கள் போனதும் என் கையைப் பிடித்தார். தோட்டத்தில் கத்தி பிடித்துப் பழகிய கை, அன்றைக்குப் பஞ்சு போல இருந்தது.

"சம்பந்தி, எனக்கு ஆம்பள புள்ள இல்ல. நாளைக்கு ஒன்னு ஆயிடுச்சின்னா கொள்ளி வைக்க ஆளு வேணும். மாப்பிள்ளைதான் எனக்கு மகன் மாதிரி. அவரு செய்வாருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நான் நிம்மதியா உள்ள போயிடுவேன்" என்றார்.

டேனியல், அந்த நேரத்தில் என் மனம் எப்படி ஓடியது என்பதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சபையில் ஊழியம், வேத வாசிப்பு, உபவாசம் என்று இத்தனை வருடம் இருந்தவன், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "செய்வான் சம்பந்தி, கவலைப்படாதீங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவர் பிழைத்துவிட்டால் கேள்வியே வராது, பிழைக்காவிட்டால் கேட்க அவர் இருக்க மாட்டார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. உன் பேரில், உன்னைக் கேட்காமல், நான் வாக்குக் கொடுக்கப்போன அந்த நொடியில்தான் நீ திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாய். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். உன்னைப் பார்த்து எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியைப் போல வேறு என்றைக்கும் வந்ததில்லை. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது, ஏனென்றால் சம்பந்தி அதே கேள்வியை உன்னிடமே திருப்பிவிட்டார்.

நீ அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாய். "மாமா, ஒங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல. நான் கும்பிடற ஆண்டவரு முன்னாடி அந்தச் சடங்க என்னால செய்ய முடியாது. ஆனா ஒங்கள குளிப்பாட்டவும் தூக்கவும் மொத ஆளா நான் நிப்பேன். வர்றவங்களுக்கு சாப்பாடு போடறதுல இருந்து அத்தைய கடைசி வரைக்கும் பாத்துக்கறது வரைக்கும் எல்லாம் நான் செய்வேன். அந்த ஒன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க மாமா" என்றாய். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி, போங்க. நான் கொஞ்சம் படுக்கறேன்" என்றார்.

உன் அத்தை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். திரும்பி வரும் வழியில் நீ நடந்ததைச் சொன்னதும் கவிதா வெடித்தாள். "உயிருக்குப் போராடற மனுஷன்கிட்ட இன்னைக்குப் போயித்தான் இதச் சொல்லணுமா? ஆமான்னு சொல்லியிருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" என்று அழுதாள். அவள் விசுவாசத்தில் உனக்குக் குறைந்தவளில்லை. ஆனால் அவர் அவளுடைய அப்பா. நீ வண்டியை ஓட்டிக்கொண்டே, "அவரு பொழச்சி வருவாருன்னு நான் நம்பறேன் கவி. வந்தப்புறம் தெனமும் அவரு மூஞ்சியப் பாக்கணுமில்ல நான்?" என்றாய். செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் நான் வழக்கம் போல வேதத்தை எடுத்தேன். உன் அம்மா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசை மேல் வைத்தாள். "இன்னைக்கு யாரும் சத்தமா ஜெபிக்க வேணாம். சேந்து உக்காருங்க, போதும்" என்றாள். உட்கார்ந்தோம். நீ ஒரு மூலையில், கவிதா இன்னொரு மூலையில். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து வந்து உன் அம்மா தோளில் சாய்ந்தாள். நம் வீட்டில் நடந்த ஜெபங்களிலேயே ஆண்டவர் மிக அருகில் வந்து உட்கார்ந்த ஜெபம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் விடிவதற்கு முன்பே நீ தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கே நடந்ததை நீ எங்களிடம் சொன்னதேயில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சம்பந்தி சொன்னார். உள்ளே போகும்போது முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் சவரம் செய்துகொள்ளப் பார்த்திருக்கிறார். கை நடுங்கியிருக்கிறது. நீ போய் ஒன்றும் பேசாமல் கத்தியை வாங்கி, நுரை போட்டு, தாடையைப் பிடித்து நிதானமாகச் சவரம் செய்துவிட்டிருக்கிறாய். தாதி வந்து, நோயாளிக்கு நீங்கள் யார், மகனா என்று மலாயில் கேட்டிருக்கிறார். நீ, "ஆமா, மகன்" என்றாயாம். "அத கேட்டப்ப எனக்குக் கண்ணு நெறஞ்சிடுச்சி சம்பந்தி. சோப்பு பட்டுடுச்சின்னு சொல்லிட்டேன்" என்றார் அவர். பிறகு உன்னிடம், "ஒங்க சாமிகிட்ட எனக்காக கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றாராம். "தெனமும் கேக்கறேன் மாமா" என்றாயாம். அவ்வளவுதான். அவரைத் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் காத்திருப்பை நீ மறந்திருக்க மாட்டாய். அத்தை கையில் திருநீற்றுப் பொட்டலம், உன் அம்மா கையில் கைக்குட்டை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முணுமுணுத்தது அவருடைய அம்மனிடம், உன் அம்மா முணுமுணுத்தது நம் ஆண்டவரிடம். நடுவில் கறிபாப் பலகாரம் வந்தது, பாதி பாதியாகப் பிய்த்துத் தின்றார்கள். நான் நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தேன். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, இருதயம் நன்றாக ஓடுகிறது என்றார். கவிதா ஓடிவந்து முதலில் கட்டிப்பிடித்தது உன்னைத்தான். முதல் நாள் உன்மேல் வெடித்த பெண், உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சியப் பாக்கணும்னு சொன்னீங்கல்ல, போய்ப் பாருங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்று காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தரையைத் துடைத்துக்கொண்டு போன அம்மாள் என்னைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பரிசோதனைகளுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்ததால் சம்பந்தியும் அத்தையும் நம் வீட்டிலேயே தங்கினார்கள். எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் நாம் பாடி ஜெபித்தால் அவர் மனம் சங்கடப்படாதா? நான்தான் உங்களிடம் கேட்காமலே ஜெபத்தைச் சமையலறைக்கு மாற்றிக் குரலை அடக்கினேன். இரண்டொரு நாளில் அவர் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். "என்ன சம்பந்தி, சத்தத்தயே காணோம்? பாட்டு கேட்டாதான் எனக்கு மாத்திர போடற நேரம்னு தெரியும். இப்ப மணி தெரியாம படுத்துக் கெடக்கேன். எனக்காக எதையும் நிறுத்தாதீங்க" என்றார். மறுநாள் கூடத்தில் பழையபடி பாடினோம். உள்ளறையில் மாத்திரை டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் காலையில் குளித்துவிட்டு நெற்றி நிறைய நீறு பூசிக்கொள்வார். வெள்ளிக்கிழமை கவிச்சி தொட மாட்டார். உன் அம்மா அவருக்கென்று தனிச் சட்டி வாங்கி வைத்தாள். நம் சபைப் பெரியவர் ஒருவர் விசாரிக்க வந்தபோது அந்த நீற்றைப் பார்த்துவிட்டு, வெளியே போகும்போது என்னைத் தனியாக அழைத்தார். "வீட்டுக்குள்ள இத அனுமதிச்சா நம்ம சாட்சி கெட்டுடாதா பிரதர்?" என்றார். "அவரு என் வீட்டு விருந்தாளி ஐயா. நெத்தி அவரோடது" என்றேன். இப்படிச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் நீ பேசியதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. யாரை முதலில் வைத்திருக்கிறோம் என்பது நமக்குள் உறுதியாக இருந்தால், பக்கத்தில் இருப்பவர் நெற்றியைப் பார்த்து நாம் ஏன் பதற வேண்டும்?

உடம்பு தேறிய பிறகு ஒரு சாயங்காலம் நானும் அவரும் முன்வாசலில் உட்கார்ந்திருந்தோம். நீ வேலையிலிருந்து வரவில்லை. அவரே பேச்சை எடுத்தார். "அன்னைக்கி மாப்பிள்ளை முடியாதுன்னு சொன்னப்ப எனக்கு நெஞ்சு வலிய விட அதான் வலிச்சிச்சி. கடைசியா ஒன்னு கேட்டேன், அதையும் மறுத்துட்டானேன்னு. அப்புறம் யோசிச்சேன். சாவப்போறவனாச்சேன்னு எல்லாரும் வாய்க்கு வந்தத சொல்வாங்க. நீங்களே சொல்லப்போனீங்க, நான் பாத்தேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார். "அவரு சொல்லல. என்கிட்டயே பொய் சொல்லாதவரு என் புள்ளைகிட்ட சொல்ல மாட்டாரு. அத்தைய பாத்துக்கறேன்னு சொன்னதும் நெசமாத்தான் இருக்கும். கொள்ளிய என் தம்பி மகன் வைப்பான், பேசிட்டேன். மத்ததுக்கெல்லாம் ஒங்க மகனத்தான் நம்பியிருக்கேன். அதுவும் இப்ப ஒன்னும் அவசரமில்ல, டாக்டரு நல்லா இருக்கேன்னுட்டாரு" என்றார்.

அதே சாயங்காலம்தான், அடுத்த வீடு காலியாக இருக்கிறது, நீங்கள் இருவரும் கெர்லிங்குக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். அதற்குப் பக்கத்துத் தஞ்சோங் மாலிமில் உனக்கு வேலை மாற்றலும் கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வருத்தம் இருந்தது. ஒரே மகனைச் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்தில் அனுப்புவதை எந்த அப்பன் சிரித்துக்கொண்டு செய்வான்? அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை நழுவும், ஜெபம் நழுவும், கோயில் திருவிழாவில் எல்லாவற்றோடும் கலந்து கரைந்துவிடுவானோ என்று பயந்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஆஸ்பத்திரியிலயே கரையாதவன் திருவிழாவுலயா கரையப்போறான்?" என்றாள். அதோடு என் பயம் முடிந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து ஊரான கோல குபு பாருவில் சின்னத் தமிழ்ச் சபை ஒன்று இருப்பதாகச் சொன்னாய். சின்னதாக இருக்கிறதே என்று பார்க்காதே. நாற்காலி அடுக்க ஆள் இல்லாத சபையில்தான் நம் கைக்கு வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு அழைப்பு வந்தால், ஆராதனை முடித்துவிட்டு வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. கடைசி நேரத்தில் சாக்குச் சொல்லாதே. திருவிழா வந்தால் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளாதே. சமையலுக்கு விறகு தூக்கு, வண்டிகளுக்கு வழி காட்டு, மாமாவை அதிகம் நிற்கவிடாமல் பார்த்துக்கொள். என்ன செய்ய முடியாதோ அதை அன்றைக்குச் சொன்னது போலவே அமைதியாகச் சொல். கோயிலில் படைத்ததைச் சாப்பிடலாமா என்பதை நீயும் கவிதாவும் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், நான் அதில் தலையிட மாட்டேன். எந்த முடிவானாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்யாதே. வேலையில் களைத்து வந்து ஜெபிக்க முடியாத நாள் வரும். அன்றைக்குக் குற்ற உணர்ச்சியில் இரட்டிப்பாக ஜெபிக்க வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள், போதும். அத்தைக்குக் கால் வலியென்று கவிதா சொன்னாள். மார்க்கெட்டுக்குப் போகும்போது அவரிடம் கேட்டுவிட்டுப் போ. ஆண்டவரை முதலில் வைப்பவன் வீட்டில் மற்றவர்கள் கடைசியாகிவிட மாட்டார்கள். அதை நீ அந்தச் சவரக் கத்தியைக் கையில் எடுத்தபோதே அறிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன். நான் இவ்வளவு பக்கம் எழுதியது உனக்குக் கற்றுக்கொடுக்க என்பதை விட, என் மனம் லேசாகிவிட்டது என்பதை உனக்குத் தெரிவிக்கத்தான்.

கடைசியாக, உனக்குத் தெரியாத இன்னொன்று. சனிக்கிழமை சாயங்காலம் சம்பந்தி எனக்குப் போன் செய்தார். நீங்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் கவிதாவின் சிரிப்பும் கேட்டன.

"புது வீட்டுல பால் காய்ச்சணும்னு ஒங்க சம்பந்தியம்மா அடுப்பப் பத்த வைக்கப் போயிட்டா" என்றார். "மாப்பிள்ளையும் கவிதாவும் ஒன்னும் சொல்லாம ஒதுங்கி நின்னாங்க. எனக்கு மனசு கேக்கல. இரு புள்ள, இது அவங்க வீடு, மொதல்ல அவங்க ஜெபத்த பண்ணட்டும், அப்புறம் நீ அடுப்பப் பத்த வைன்னுட்டேன். மாப்பிள்ளை ஜெபம் பண்ணாரு. நானும் எழுந்து நின்னேன், ஒக்காந்திருக்க மனசு வரல. அப்புறம் பால் காய்ச்சினோம். நல்லா பொங்கிச்சி சம்பந்தி. நீங்க கவலப்படாம இருங்க."

போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உங்கள் இருவரையும் நினைத்தபடி,
அப்பா